டெஸ்லா காயிலுக்கு டிசி சப்ளை: பையன்கள் கோட்டை விடும் இடங்கள்

பழைய வண்ணாரப்பேட்டையில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறேன். புராஜெக்ட் சீசனில் நீளமாகப் பொறி பறக்கவிடும் டெஸ்லா காயிலுக்குக் கம்பி சுற்றக் கல்லூரிப் பையன்கள் வருவார்கள். அவர்கள் தூக்கிவரும் ஹைவோல்டேஜ் சப்ளையைப் பார்த்தால் என் பழைய கிறுக்குத்தனம்தான் ஞாபகம் வரும். ஈரக்கை, வெறுங்கால் கதையெல்லாம் இங்கே இல்லை. அதை அவரவர் அம்மாவே சொல்லியிருப்பார்.

பிளீடரில் வாட் மட்டும் பார்ப்பது

போன மாதம் ஒரு பையன் வந்தான். காயலான் கடை மைக்ரோவேவ் டிரான்ஸ்பார்மர், வோல்டேஜை இரட்டிப்பாக்கும் டபுளர், 6000 வோல்ட் டிசி, 4 மைக்ரோ ஃபாரட் பில்டர் கெப்பாசிட்டர். வேலை சுத்தம். ஸ்விட்சை அணைத்ததும் கெப்பாசிட்டரில் மிஞ்சும் சார்ஜை வடிப்பதுதான் பிளீடர். அதற்கு அவன் போட்டிருந்தது 4.7 மெகா ஓம், 2 வாட் ரெசிஸ்டர் இரண்டு, சீரியஸில்.

"ஒண்ணுல 1.9 வாட்தான் வருதுண்ணா. ரேட்டிங்குக்குள்ளதான இருக்கு?"

"வோல்ட் எவ்ளோ வருது தம்பி?"

முழித்தான். ஆளுக்கு 3000. அந்தச் சைஸ் ரெசிஸ்டர் தாங்குவது சுமார் 500 வோல்ட். உள்ளே படலத்தைத் திருகுச்சுற்றாக வெட்டியிருப்பார்கள். சுற்றுக்குச் சுற்று பொறி தாவித்தாவி ஒருநாள் ஓபன் ஆகிவிடும். வெளியே கருகல்கூடத் தெரியாது.

எனக்கு அப்படித்தான் ஆனது. ஸ்விட்சை அணைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். கால் மணி நேரம் கழித்து வந்து கையை விட்டேன். கெப்பாசிட்டரில் வடியாமல் கிடந்தது 72 ஜூல். முழங்கை சேஸிஸில் பட்டிருந்ததால் கரண்ட் கையோடு போய்விட்டது. நெஞ்சைக் கடந்திருந்தால் இதை எழுத ஆள் இல்லை. மோதிர விரலில் தழும்பு இன்னும் இருக்கிறது. இத்தனைக்கும் மிச்சம் பிடித்தது சில்லறைக் காசு. இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

அவனுக்குச் சொன்னது: 470 கிலோ ஓம், 2 வாட், 20 எண்ணம் சீரியஸில். ஒன்றுக்கு 300 வோல்ட், 0.2 வாட்கூட இல்லை. அதேபோல் இன்னொரு வரிசை பக்கத்தில் பேரலலாக. ஒரு வரிசை செத்தாலும் மற்றது சுமார் மூன்று நிமிடத்தில் 6000-ஐ 40 வோல்ட்டுக்கு இறக்கிவிடும்.

சார்ஜிங் சோக்

சோக் வழியாக ரெசனன்ட் சார்ஜிங் செய்தால் டாங்க் கெப்பாசிட்டர், அதாவது காயிலின் பிரைமரியோடு சேர்ந்து வேலை செய்வது, சப்ளையைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்குக்கு ஏறும். 6000 போட்டால் 12000. ரிச்சி ஸ்ட்ரீட்டில் 8000 வோல்ட் கெப்பாசிட்டர் வாங்கி வந்து நிற்காதீர்கள்.

4007 டையோடு

டபுளரில் ஒவ்வொரு டையோடு வரிசைக்கும் ரிவர்ஸில் 6000 வரும். ஒரு 4007 தாங்குவது 1000தான். ஆறு போதாது. பன்னிரண்டு.

எர்த்

டிரான்ஸ்பார்மர் கோருக்கு வீட்டு எர்த். டெஸ்லா காயில் செகண்டரியின் அடிமுனைக்குத் தனி எர்த் கம்பி. கலக்காதீர்கள்.

உப்புக்காற்று

காசிமேடு, திருவொற்றியூர் ஆட்களுக்கு இது. அக்ரிலிக் மேல் உப்பு ஈரம் படிந்தால் அதன்மேலேயே கரண்ட் ஊரும். ஓட்டுவதற்கு முன் துடைத்துக் காயவிடுங்கள். சால்டரில் கூர் நீட்டிக்கொண்டிருந்தால் இருட்டில் நீலமாக உஸ்ஸென்று சீறும், உருண்டையாக வையுங்கள்.

டிஸ்சார்ஜ் குச்சி

ஸ்க்ரூடிரைவரால் படாரென்று அடிப்பது வீரம் இல்லை. நீளக் கழியின் நுனியில் ரெசிஸ்டர் வைத்து முதலில் வடியுங்கள், பிறகு நேராக ஷார்ட் செய்யுங்கள். அதோடும் விடாதீர்கள். வடிந்த கெப்பாசிட்டர் சும்மா கிடக்கும்போதே கொஞ்சம் வோல்டேஜைத் திரும்ப எழுப்பும். அதனால் ஷார்ட் வயரைக் கிளிப் போட்டு அப்படியே விட்டுவிடுங்கள். எடுக்க மறந்து ஸ்விட்ச் போட்டால் ஃபியூஸ் போகும், கூடவே ரெண்டு டையோடும் போகலாம். போகட்டும்.