பித்தளைச் சொம்பின் விளிம்பு எங்கே போனது?

அத்தையின் பாத்திரக்கடைக்கு வாட்ஸ்அப் கேட்டலாக் போட்டுத் தருகிறேன் என்று வாயைக் கொடுத்துவிட்டேன். வெள்ளைச் சார்ட் பேப்பர் முன்னால் சொம்பை வைத்து, இரண்டு பக்கமும் விளக்குப் போட்டு எடுத்தால், வலது பக்க வளைவையே காணோம். எலி கடித்த மாதிரி பின்னணியோடு கரைந்து கிடந்தது. மூன்று ஞாயிற்றுக்கிழமை மல்லுக்கட்டிய பிறகு பிடிபட்டதை எழுதுகிறேன். எக்ஸ்போஷரை, அதாவது கேமரா எவ்வளவு வெளிச்சத்தைப் பதிய வேண்டும் என்பதை, கையால் மாற்ற உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் லென்ஸைத் துடையுங்கள். போன் லென்ஸில் விரல் பிசுக்கு இருந்தால் ஒவ்வொரு மினுக்கத்தையும் சுற்றிப் புகை படர்ந்தது போல வரும். விளிம்பு மங்க அதுவே போதும்.

அடுத்து வெளிச்சம். பளபளக்கும் பாத்திரம் ஒரு கண்ணாடி. விளக்கை அப்படியே திருப்பிக் காட்டும். வெறும் எல்இடி பல்பைக் காட்டினால் அது கண்ணைப் பறிக்கும் ஒரு புள்ளியாக விழும். விளக்குக்கும் சொம்புக்கும் நடுவில் ஒரு வெள்ளை வேட்டியைக் கொடிகட்டித் தொங்கவிடுங்கள். அதே வெளிச்சம் வேட்டி முழுக்கப் பரவுவதால் புள்ளி அகலமான பட்டையாகி, சூடு தணியும். வெளிச்சத்தைப் பரப்ப விலை கொடுத்து வாங்கிய டிஃப்யூசரைவிட எனக்கு வேட்டிதான் ஒத்துவந்தது. நீலம் போட்டுத் துவைத்த வேட்டி மட்டும் வேண்டாம், பித்தளையின் நிறம் கெடும்.

பிறகு எக்ஸ்போஷர். பின்னணி வெள்ளையாக இருந்தால் கேமரா அதைச் சாம்பலாக்கிவிடும். அதைப் பார்த்துப் பதறி நாம் வெளிச்சத்தை ஏற்றுவோம். அங்கேதான் விளிம்பு சாகிறது. படத்தின் ஒரு புள்ளி (பிக்சல்) வெளிச்சத்தின் உச்ச எண்ணான 255ஐத் தொட்டுவிட்டால் அதற்குமேல் பதிவாக இடமில்லை. ஸ்னாப்சீட் ஆப்பில் எவ்வளவு இழுத்தாலும் சாம்பல் திட்டுதான் மிஞ்சும். கொஞ்சம் இருட்டாக எடுத்துவிட்டுப் பிறகு ஏற்றுங்கள்.

இவ்வளவும் செய்தும் என் சொம்பு கரைந்துகொண்டேதான் இருந்தது. விளக்கைத் தூக்கி அங்கே வைத்தேன், இங்கே வைத்தேன், ஒன்றும் ஆகவில்லை. கோளாறு விளக்கில் இல்லை, பின்னணியில். சொம்பின் நடு வயிறு உங்களையும் கேமராவையும் காட்டுகிறது. பார்வையை மெல்ல ஓரத்துக்கு நகர்த்துங்கள்: பக்கத்துச் சுவர் தெரியும், அப்புறம் பின்பக்கம் தெரியும். கடைசி நூலளவு ஓரத்தில் தெரிவது சொம்புக்குப் பின்னால் இருக்கும் அதே வெள்ளைத் தாள். வெள்ளைக்கு முன்னால் வெள்ளை நின்றால் கோடு எங்கிருந்து வரும்?

அதனால் வெள்ளைத் தாளைச் சுருக்குங்கள். ஃபிரேம் நிறையும் அளவு போதும், அதற்கு மேல் ஒரு விரற்கடைகூட வேண்டாம். சொம்புக்கு இருபுறமும், ஃபிரேமுக்கு வெளியே ஒட்டினாற்போல், கறுப்புச் சார்ட்டை நிற்க வையுங்கள். இப்போது ஓரத்தில் அந்தக் கறுப்பு பிரதிபலித்து, பென்சிலால் வரைந்த மாதிரி ஒரு கோடு எழும். நான் முதல் தடவை அட்டையைச் செருகியபோது, வியூஃபைண்டரில் சொம்பின் கழுத்திலிருந்து அந்தக் கோடு கீழே இறங்கியதைப் பார்த்து அட்டையை எடுத்து எடுத்து வைத்து விளையாடிக்கொண்டிருந்தேன்.

கடையில் விற்கும் வெள்ளை லைட் பாக்ஸ் பாத்திரத்துக்கு ஆகாது என்பது இதனால்தான்: எந்தப் பக்கம் திரும்பினாலும் வெள்ளை. போலரைசர் ஃபில்டரும் வாங்கிப் பார்த்தேன். கண்ணாடி, தண்ணீர், வார்னிஷ் அடித்த மரம் ஆகியவற்றின் பளபளப்பை அது குறைக்கும். பூச்சில்லாத உலோகத்திடம் அதன் பருப்பு வேகாது. பின்னணியை மங்கலாக்கும் போர்ட்ரெயிட் மோடையும் அணைத்துவிடுங்கள், மினுக்கத்தைப் பின்னணி என்று நினைத்து அதுவே ஓரத்தை வெட்டிவிடுகிறது.

பின்சேர்க்கை: கறுப்புக் கோடு ரொம்பத் தடிமனாக வருகிறது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். அட்டை மிக முன்னால் வந்துவிட்டது. பின்னணித் தாள் பக்கமாகத் தள்ளுங்கள், மெலியும்.

இன்னொருவர் ஃபிலிமில் எடுத்த குத்துவிளக்குப் படம் அனுப்பியிருந்தார். சுடரைச் சுற்றிச் சிவப்பு வளையம். அது வேறு கதை. ஒளி ஃபிலிமைத் துளைத்துப் போய், பின்புறத்தில் பட்டுத் திரும்பி வந்து மறுபடி பதிகிறது. அடியில் இருப்பது சிவப்பை உணரும் அடுக்கு என்பதால் வளையமும் சிவப்பு. இதைத் தடுக்கத்தான் கோடக் சினிமா ஃபிலிமின் முதுகில் வெகுகாலம் ரெம்ஜெட் என்ற கரிப்பூச்சு இருந்தது. அவர் போட்டிருந்த சினிஸ்டில் 800டி, அந்தப் பூச்சை நீக்கிய கோடக் சினிமா ஃபிலிம். கறுப்பு அட்டை அங்கே உதவாது, சுடரை ஃபிரேமுக்கு வெளியே வைப்பதுதான் வழி.

வயிற்றில் முகம் தெரிகிறதே என்று கேட்டவர்களுக்கு: பெரிய கறுப்பு அட்டையில் லென்ஸ் அளவு ஓட்டை போட்டு, அதன் வழியாக எடுங்கள். நான் இதைக் கண்டுபிடிப்பதற்கு முன் எடுத்த குடம் ஒன்று இன்னும் கேட்டலாக்கில் இருக்கிறது. பெரிதாக்கிப் பார்த்தால் என் லுங்கியின் கட்டத்தை எண்ணலாம்.