1952 மதராஸ் தேர்தல் முடிவுகளை மொழிவாரியாகப் பிரித்துப் படிப்பது எப்படி?

சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத் தேர்தலில் தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம் பேசும் பகுதிகள் நான்கும் சேர்ந்து ஒரே மாநிலமாக வாக்களித்தன. அதுதான் அன்றைய மதராஸ் மாநிலம். 375 இடங்களில் காங்கிரஸ் 152 பெற்றது. பெரும்பான்மைக்கு 188 வேண்டும். இந்தச் சரிவு எந்த மொழிப் பகுதியில் எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால் முடிவுகளை மாவட்டம் மாவட்டமாகப் பிரித்து அடுக்க வேண்டும். செய்ய முடிகிற வேலைதான். ஆனால் கூட்டிப் பெருக்கும்போது சில தொகுதிகளில் வாக்குப்பதிவு 110 சதவீதம் என்று வந்து நிற்கும். அதற்குக் காரணம் கள்ள ஓட்டு இல்லை, நம் கணக்குதான். கீழே உள்ள 3-ஆம் படி முழுக்க அதைப் பற்றியது.

1. அறிக்கையை எடுப்பது

தேர்தல் ஆணையத்தின் தளத்தில் பழைய தேர்தல்களின் புள்ளிவிவர அறிக்கைகள் பிடிஎஃப் வடிவில் உள்ளன. மதராஸ் சட்டமன்றத்துக்கு ஒன்று, மக்களவைக்கு ஒன்று என இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். தேடும்போது 1952 என்று தேடினால் கிடைக்காமல் போகலாம். தேர்தல் 1951 அக்டோபர் 25-இல் இமாச்சலத்தின் சினி பகுதியில் தொடங்கி 1952 பிப்ரவரி 21 வரை நடந்ததால் ஆணையம் அதை 1951 என்றே குறிக்கிறது.

2. அட்டவணையை ஷீட்டுக்குக் கொண்டுவருவது

பிடிஎஃப் அட்டவணைகளைப் பிரித்தெடுத்து சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை) கோப்பாகத் தரும் டாபுலா என்ற இலவச மென்பொருள் போதும். அதில் 'லாட்டிஸ்', 'ஸ்ட்ரீம்' என இரண்டு முறைகள் உண்டு. கட்டம் போட்ட அட்டவணைக்குத்தான் லாட்டிஸ் சரிவரும். கோடில்லாமல் இடைவெளியால் மட்டும் பிரித்திருக்கும் பக்கங்களுக்கு ஸ்ட்ரீம் முறையைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் வேட்பாளர் பெயரும் கட்சியும் ஒரே கட்டத்தில் ஒட்டிக்கொண்டு வரும்.

வேலைக்கு லிப்ரே ஆபீஸ் கால்க் என்ற இலவச விரிதாள் மென்பொருள் நல்லது. அந்த சிஎஸ்வி கோப்பைத் திறக்கும்போதே எழுத்துக் குறியீடு என்ன என்று கேட்கும், அங்கே யூடிஎஃப்-8 கொடுத்தால் தமிழ் உடையாது. எக்செலில் நேராக இரட்டைச் சொடுக்கு போட்டுத் திறந்தால் தமிழ்ப் பெயர்கள் பல நேரம் குப்பையாகிவிடும்.

ஒரு வேட்பாளருக்கு ஒரு வரிசை. நெடுவரிசைகள் இவை: தொகுதி எண், தொகுதி, மாவட்டம், மொழிப் பகுதி, இடங்கள் (1 அல்லது 2), மொத்த வாக்காளர், வேட்பாளர், கட்சி, வாக்கு, வென்றாரா. தொகுதிப் பெயரை மட்டும் நம்பி எதையும் இணைக்காதீர்கள். எண்ணை வைத்தே இணையுங்கள். திருவள்ளூரும் திருவாரூரும் ஆங்கில எழுத்தில் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருக்கும். பெஜவாடா (விஜயவாடா), கொக்கநாடா (காக்கிநாடா), பால்காட் (பாலக்காடு), கண்ணனூர் (கண்ணூர்) போன்ற பழைய பெயர்களை முதல் நாளே ஒரு தனி ஷீட்டில் இன்றைய பெயரோடு எழுதி வைத்துவிடுங்கள்.

3. இரட்டை உறுப்பினர் தொகுதிகள்: எதையும் வகுக்கும் முன் இதை முடியுங்கள்

375 இடங்கள் இருந்தாலும் தொகுதிகள் 309 மட்டுமே. 243 தொகுதிகள் தலா ஒருவரைத் தேர்ந்தெடுத்தன. மீதி 66 தொகுதிகள் தலா இருவரைத் தேர்ந்தெடுத்தன. அந்த 66-இல் 62 தொகுதிகளில் ஓர் இடம் பட்டியல் சாதியினருக்கும், 4 தொகுதிகளில் ஓர் இடம் பழங்குடியினருக்கும் ஒதுக்கப்பட்டது. இன்றைக்கு நாம் சொல்லும் 'தனித்தொகுதி' அன்று இல்லை. பொது இடமும் ஒதுக்கப்பட்ட இடமும் ஒரே தொகுதிக்குள் இருந்தன, இரண்டுக்கும் அதே மக்கள்தான் வாக்களித்தார்கள்.

வாக்களித்த முறையைத் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் புரியும். அந்தத் தேர்தலில் வாக்குச்சீட்டில் வேட்பாளர் பெயரும் கிடையாது, சின்னமும் கிடையாது. ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப் பெட்டி, பெட்டியின் மேல் சின்னம். காங்கிரசுக்கு நுகத்தடி பூட்டிய இரட்டைக் காளை, கம்யூனிஸ்டுக்குக் கதிர் அரிவாள், சோஷலிஸ்டுக்கு மரம், கிசான் மஸ்தூர் பிரஜா கட்சிக்குக் குடிசை. விருப்பமான பெட்டியில் சீட்டைப் போட்டால் வேலை முடிந்தது. நான்கு மொழி மாநிலத்தில், எழுதப் படிக்கத் தெரியாதவர்களே அதிகம் இருந்த காலத்தில், இதைவிட நேர்மையான ஏற்பாட்டை நினைத்துப் பார்ப்பது கடினம்.

இரட்டைத் தொகுதியில் ஒருவருக்கு இரண்டு வாக்குகள். இரண்டையும் ஒரே வேட்பாளருக்குப் போடக் கூடாது. போட்டால் ஒன்றுதான் கணக்கில் சேரும், மற்றது செல்லாது. 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் இதைத் தெளிவாகவே சொல்கிறது.

இப்போது ஒரு கற்பனைத் தொகுதியை எடுத்துக்கொள்வோம். வாக்காளர் 1,20,000. செல்லுபடியான வாக்குகள் 1,32,000. நேராக வகுத்தால் 110 சதவீதம். ஆனால் அங்கே போடக்கூடிய வாக்குகள் 2,40,000. அதை வைத்து வகுத்தால் 55 சதவீதம். ஆகவே ஷீட்டில் 'வாக்குரிமை' என்று புதிய நெடுவரிசை சேர்த்து, மொத்த வாக்காளரை இடங்களின் எண்ணிக்கையால் பெருக்கி அதில் போடுங்கள். வாக்குப்பதிவு சதவீதத்துக்கு இதை வைத்துத்தான் வகுக்க வேண்டும்.

இதே தவறு அகில இந்திய அளவிலும் உலவுகிறது. மொத்த வாக்காளர் 17,32,12,343. மக்களவைக்குப் பதிவான செல்லுபடியான வாக்குகள் 10,59,50,083. வகுத்தால் 61.2 சதவீதம் வரும். பல கட்டுரைகளில் இந்த எண்ணைப் பார்க்கலாம். மக்களவையின் 401 தொகுதிகளில் 86 இரட்டைத் தொகுதிகள், வடக்கு வங்காளத்தில் ஒன்று மூன்று உறுப்பினர் தொகுதி. வாக்குரிமையைச் சரியாகக் கணக்கிட்டால் விடை ஏறக்குறைய 45 சதவீதம். பதினாறு புள்ளி வித்தியாசம் சிறிய பிழை அல்ல.

இன்னொரு நுட்பம். 55 சதவீதம் என்பது வாக்குகளின் கணக்கு, ஆட்களின் கணக்கு அல்ல. ஒரு சீட்டை மட்டும் போட்டுவிட்டுப் போனவர்களும் உண்டு. நம் கற்பனைத் தொகுதியில் 1,32,000 வாக்குகளைப் போடக் குறைந்தது 66,000 பேர் வந்திருக்க வேண்டும். அதற்கு மேல் எத்தனை பேர் என்பதை இந்த எண்களிலிருந்து எடுக்க முடியாது. 'குறைந்தது' என்று எழுதுவதே சரி.

வேட்பாளரின் சதவீதத்திலும் இதே சிக்கல். அலகாபாத் கிழக்கு, ஜான்பூர் மேற்கு சேர்ந்த தொகுதியில் நேரு 2,33,571 வாக்குகள் பெற்றார், 38.73 சதவீதம். பிரதமருக்கே நாற்பது சதவீதம் இல்லையா என்று கேட்கத் தோன்றும். அது இரட்டைத் தொகுதி. மசூரியா தீன் அதே தொகுதியிலிருந்து உடன் வென்றவர். அங்கே விழுந்த வாக்குகள் சுமார் 6.03 லட்சம். எல்லோரும் இரண்டு சீட்டையும் போட்டிருந்தால் வந்தவர்கள் சுமார் 3.01 லட்சம் பேர், அதாவது அவர்களில் 77 சதவீதம் வரை நேருவுக்கு வாக்களித்திருக்கலாம். ஹைதராபாத் மாநிலத்தின் நல்கொண்டாவில் நேருவைவிட அதிக வாக்குகள் பெற்ற ரவி நாராயண ரெட்டியின் தொகுதியும் இரட்டைத் தொகுதியே. அதனால் அந்த ஒப்பீடு நிற்கும். ஓர் உறுப்பினர் தொகுதியில் வென்றவரை இவர்களோடு ஒப்பிட்டால் நிற்காது.

4. வென்றவரைக் குறிப்பது

வாக்கு வரிசைப்படி அடுக்கி முதல் இருவரை 'வென்றார்' என்று குறித்துவிடலாம் என்று தோன்றும். செய்யாதீர்கள். முதலில் ஒதுக்கப்பட்ட இடம். அதற்குத் தகுதியுள்ளவர்களில் அதிக வாக்கு பெற்றவர் அதை எடுப்பார். பிறகு மிச்சமுள்ள எல்லோரிலும் அதிக வாக்கு பெற்றவருக்குப் பொது இடம்.

பொது வேட்பாளர்கள் இருவர் 40,000, 39,000 வாக்குகள் பெற்று, பட்டியல் சாதி வேட்பாளர் 20,000 பெற்றிருந்தால், வென்றவர்கள் 40,000-மும் 20,000-மும். 39,000 பெற்றவர் தோற்றார். தலைகீழாகவும் நடக்கும். பட்டியல் சாதி வேட்பாளர்கள் இருவர் 42,000, 41,000 பெற்று, பொது வேட்பாளர் 40,000 பெற்றால், இரண்டு இடங்களும் அந்த இருவருக்கே. 1957-இல் பார்வதிபுரம் மக்களவைத் தொகுதியில் வி.வி.கிரி இப்படித்தான் தோற்றார், இரண்டு இடங்களையும் பழங்குடி வேட்பாளர்களே எடுத்தார்கள். அவர் உச்ச நீதிமன்றம் வரை போயும் முடிவு மாறவில்லை. 1961-இல் இரட்டைத் தொகுதி முறையே சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

அதனால் வென்றவர்களை வாக்கு வரிசையிலிருந்து ஊகிக்காமல், அறிக்கையில் தனியாக உள்ள வெற்றி பெற்றவர்கள் பட்டியலோடு ஒப்பிட்டே குறியுங்கள். இரட்டைத் தொகுதியின் பெயர் அங்கே இரண்டு முறை வரும். 'நகல்' என்று நினைத்து ஒன்றை நீக்கிவிட்டால் 66 உறுப்பினர்கள் காணாமல் போவார்கள்.

5. மொழிப் பகுதியை நிரப்புவது

தெலுங்கு: ஸ்ரீகாகுளம், விசாகப்பட்டினம், கிழக்கு கோதாவரி, மேற்கு கோதாவரி, கிருஷ்ணா, குண்டூர், நெல்லூர், கர்னூல், அனந்தபூர், கடப்பா, சித்தூர். மலையாளம்: மலபார். கன்னடமும் துளுவும்: தென் கன்னடம். மற்றவை தமிழ் மாவட்டங்கள். புதுக்கோட்டை அப்போது திருச்சியோடு இருந்தது.

பெல்லாரியை எதிலும் சேர்க்காமல் தனியாக வையுங்கள். 1953 அக்டோபர் 1-இல் ஆந்திரம் பிரிந்தபோது ஆலூர், ஆதோனி, ராயதுர்கம் வட்டங்கள் ஆந்திரத்துக்கும் மற்றவை மைசூருக்கும் போயின. மாவட்ட அளவில் பிரித்தால் இந்த இடத்தில் மட்டும் தவறு நிச்சயம், வட்ட அளவில் இறங்க வேண்டும். தென் கன்னடத்தின் காசர்கோடு, கோவையின் கொள்ளேகால், சித்தூரின் திருத்தணி மூன்றுக்கும் இதே கவனம் வேண்டும். 1956-இல் காசர்கோடு கேரளத்துக்கும் கொள்ளேகால் மைசூருக்கும் போயின, 1960-இல் திருத்தணி மதராசுக்கு வந்தது. 'மாவட்டம்' நெடுவரிசையில் 1952-இன் நிலையை மட்டும் எழுதுங்கள். இன்றைய மாநிலத்துக்கு இன்னொரு நெடுவரிசை போடுங்கள். இரண்டையும் ஒன்றாக்கினால் பிறகு பிரிக்கவே முடியாது.

கன்னியாகுமரியை இந்த அறிக்கையில் தேட வேண்டாம். அது அன்று திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. தமிழர்களின் வாக்கு முழுவதையும் பார்க்க விரும்பினால் அந்த மாநில அறிக்கையையும் எடுங்கள். அங்கே திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போட்டியிட்டது. நாகர்கோவில் மக்களவைத் தொகுதியில் அதன் தலைவர் நேசமணி வென்றார்.

6. கூட்டிச் சரிபார்ப்பது

பிவட் டேபிள் (வரிசைகளை வகைப்படுத்தித் தானே கூட்டித் தரும் அட்டவணை) போட்டுக் கட்சிவாரியாக வென்ற இடங்களைக் கூட்டுங்கள். வர வேண்டியது: காங்கிரஸ் 152, கம்யூனிஸ்ட் 62, சுயேச்சை 62, கிசான் மஸ்தூர் பிரஜா 35, தமிழ்நாடு உழைப்பாளர் கட்சி 19, கிருஷிகார் லோக் கட்சி 15, சோஷலிஸ்ட் 13, காமன்வீல் 6, முஸ்லிம் லீக் 5, மார்க்சிஸ்ட் பார்வர்ட் பிளாக் 3, பட்டியல் சாதியினர் சம்மேளனம் 2, நீதிக்கட்சி 1. மொத்தம் 375. கம்யூனிஸ்டுக்கும் சுயேச்சைக்கும் ஒரே எண் வருவது தட்டச்சுப் பிழை அல்ல.

மொழிப் பகுதிக்கும் ஒரு சோதனை உண்டு. ஆந்திரமும் பெல்லாரியும் போனபின் சட்டமன்ற பலம் 231. 1956 நவம்பருக்குப் பின் 190. உங்கள் தெலுங்கு, பெல்லாரி வரிசைகளை மறைத்தால் மீதி 231-க்கு அருகில் வர வேண்டும். பத்து, இருபது என்று விலகினால் ஏதோ ஒரு மாவட்டம் தவறான பகுதியில் கிடக்கிறது.

மக்களவை ஷீட்டுக்கு: மதராஸில் 75 இடங்கள், 62 தொகுதிகள், அவற்றில் 13 இரட்டை.

பிற்சேர்க்கை: இந்த வேலையில் மறுபடி மறுபடி வரும் கேள்விகள்

ராஜாஜி பெயர் ஏன் இல்லை? 1952 ஏப்ரலில் முதலமைச்சரான அவர் இந்தத் தேர்தலில் நிற்கவில்லை, மேலவைக்கு நியமிக்கப்பட்டார். காமராஜர் சட்டமன்றப் பட்டியலில் இருக்க மாட்டார், மக்களவைப் பட்டியலில் ஸ்ரீவில்லிபுத்தூரில் பாருங்கள். அவர் குடியாத்தத்தில் வென்றது 1954 இடைத்தேர்தலில், அது இந்த அறிக்கையில் வராது.

திமுக எங்கே? கட்சி அந்தத் தேர்தலில் நேரடியாகப் போட்டியிடவில்லை. திராவிட நாடு கோரிக்கையை ஏற்று உறுதி தந்த வேட்பாளர்களை ஆதரித்தது. 'திமுக வாக்கு' என்று எந்த நெடுவரிசையையும் உருவாக்க முடியாது. சுயேச்சைகளின் 62-ஐ அதன் கணக்கில் எழுதுவது பெரிய தவறு.

கூட்டல் 375-க்குப் பதில் 372 வருகிறது என்றால், விரிவான முடிவுப் பக்கங்களிலிருந்து மட்டும் எடுத்திருக்கிறீர்கள். மூன்று இடங்கள் போட்டியின்றி நிரம்பின, அவற்றுக்கு வாக்கு எண்ணிக்கையே இருக்காது. அந்த மூவரையும் வெற்றி பெற்றவர்கள் பட்டியலிலிருந்து கையால் சேருங்கள். வாக்குக் கட்டத்தில் சுழியம் போடாமல் காலியாக விடுங்கள். அங்கே போடக்கூடிய வாக்குரிமையையும் மாநில மொத்தத்திலிருந்து கழித்துவிட்டு, வாக்குப்பதிவு சதவீதத்தை இன்னொரு முறை கணக்கிடுங்கள்.