கேம் ஆட லேப்டாப் வாங்கும்போது எந்த ரெசல்யூஷன் எடுப்பது?

அக்கா பையன் இந்த வருடம் இன்ஜினியரிங் சேர்ந்திருக்கிறான். லேப்டாப் வாங்கித் தருவதாக வாக்குக் கொடுத்தது நான்தான். பட்ஜெட் 90,000 ரூபாய்க்குள், காலேஜ் ப்ராஜெக்ட்டும் ஓட வேண்டும், கேமும் ஓட வேண்டும். போன சனிக்கிழமை இரண்டு பேரும் மெட்ரோவில் கவர்ன்மென்ட் எஸ்டேட்டில் இறங்கி சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு நடந்தோம் (ஞாயிற்றுக்கிழமை அங்கே பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், வெளியூரிலிருந்து வருகிறவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள்). முதல் கடையிலேயே இரண்டு லேப்டாப் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார்கள். ஒன்று 1920 × 1080, உள்ளே என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்டு. இன்னொன்று 2560 × 1600, உள்ளே அதைவிட ஒரு படி குறைந்த ஆர்டிஎக்ஸ் 4050. விலையில் பெரிய வித்தியாசமில்லை. அவன் நேராக இரண்டாவதன் முன்னால் போய் நின்றுவிட்டான். "மாமா, இது 2கே, சும்மா கண்ணாடி மாதிரி இருக்கு பாருங்க" என்றான். அதில் ஓடிக்கொண்டிருந்தது கடைக்காரர் போட்ட டெமோ வீடியோ. கடல், மீன், பவளப்பாறை.

முதல் வேலை, அந்த வீடியோவை நிறுத்தச் சொல்லுங்கள். வீடியோ ஏற்கெனவே எடுத்து முடித்த படம், அதை ஓட்ட கிராபிக்ஸ் கார்டு கஷ்டப்படுவதே இல்லை. கேம் அப்படியில்லை, ஒவ்வொரு ஃபிரேமையும், அதாவது திரையில் மாறி மாறி வரும் ஒவ்வொரு படத்தையும், நீங்கள் ஆட ஆட அந்தக் கார்டு அங்கேயே வரைந்து தள்ள வேண்டும். அதனால் ரெசல்யூஷன் என்ற எண்ணை ஸ்க்ரீனின் அழகாக மட்டும் பார்க்காமல், கார்டின் தலையில் ஏறும் வேலையாகவும் பாருங்கள்.

கணக்கு இதுதான். 1920 × 1080, அதாவது ஃபுல் எச்டி, என்றால் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள். 2560 × 1600 என்றால் கிட்டத்தட்ட 41 லட்சம், ஏறக்குறைய இரண்டு மடங்கு. 4கே, அதாவது 3840 × 2160, சுமார் 83 லட்சம், சரியாக நான்கு மடங்கு. மார்கழியில் வாசலில் புள்ளிக் கோலம் போடுகிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். 15க்கு 15 வைக்கிற இடத்தில் 30க்கு 30 வைத்தால் 225 புள்ளி 900 ஆகிவிடும், கை அதே கை, விடிவதற்குள் முடிக்க வேண்டிய நேரமும் அதேதான். 60 எஃப்பிஎஸ்ஸில், அதாவது நொடிக்கு 60 ஃபிரேமில், ஆட வேண்டுமானால் ஒரு ஃபிரேமுக்குக் கார்டிடம் இருப்பது 16.7 மில்லி செகண்ட், 144இல் ஆட வேண்டுமானால் 7 மில்லி செகண்டுக்கும் குறைவு.

புள்ளி இரண்டு மடங்கானால் எஃப்பிஎஸ் அப்படியே பாதியாகிவிடும் என்று அர்த்தமில்லை, ப்ராசஸர் செய்கிற வேலை ரெசல்யூஷனோடு பெரிதாக ஏறுவதில்லை. வேலரன்ட், கவுண்டர் ஸ்ட்ரைக் மாதிரி இலேசான கேம்களில் வித்தியாசம் அவ்வளவு வலிக்காது. சைபர்பங்க் 2077, ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 மாதிரி கேம்களில் நன்றாகவே வலிக்கும். ஆகவே உங்களையே கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் கேள்வி, "நான் தினமும் ஆடப்போவது எது?" என்பதுதான். தினமும் வேலரன்ட் மட்டும்தான் என்றால் ரெசல்யூஷனைவிட ஹெர்ட்ஸ், அதாவது ஸ்க்ரீன் நொடிக்கு எத்தனை தடவை படத்தைப் புதுப்பிக்கிறது என்பது, முக்கியம், 144 அல்லது 165 இருக்கிறதா பாருங்கள். கவுண்டர் ஸ்ட்ரைக்கில் போட்டிக்கு ஆடுகிறவர்கள் பலர் 1280 × 960 வரைக்கும் வேண்டுமென்றே இறக்கித்தான் ஆடுகிறார்கள்.

"லேக் ஆச்சுன்னா கேமுக்குள்ள போய் ரெசல்யூஷனைக் குறைச்சுக்கலாமே மாமா?" அவன் கேட்டது நியாயமான கேள்வி. சில வருடங்களுக்கு முன்னால் நானும் இதையே நினைத்துத்தான் 4கே ஸ்க்ரீனும் 4 ஜிபி மெமரி உள்ள கிராபிக்ஸ் கார்டும் இருந்த ஒரு லேப்டாப்பை வாங்கினேன். கடையில் "எல்லா கேமும் ஓடும் சார்" என்று அடித்துச் சொன்னார்கள். பெரிய கேம்கள் 4கேயில் ஸ்லைடு ஷோ மாதிரி நகர்ந்தன. 1080க்கு இறக்கினேன். ஓடியது, ஆனால் மெல்லிய துணி போர்த்திய மாதிரி ஒரு மங்கல், தூரத்தில் நிற்கிற எதிரியின் தலையும் பின்னால் இருக்கிற செடியும் ஒன்றாகத் தெரியும். 4கேயிலிருந்து 1080க்கு இறங்கும்போது ஒரு புள்ளியை நான்கு புள்ளியாகக் காட்டினால் கணக்கு சரியாக வரும், படமும் கூர்மையாகவே இருக்கும். ஆனால் சாதாரணமாக லேப்டாப் ஓரங்களைக் கலந்து மழுங்கடித்துத்தான் பெரிதாக்குகிறது. அதைச் சரிசெய்ய என்விடியா கன்ட்ரோல் பேனலில் இன்டிஜர் ஸ்கேலிங் என்று ஒன்று உண்டு. என் லேப்டாப்பில் ஸ்க்ரீனுக்குப் படம் ப்ராசஸரோடு இருக்கும் உள்கிராபிக்ஸ் வழியாகப் போனதால் அந்த வசதியே தெரியவில்லை. 2560 × 1600 ஸ்க்ரீனில் 1920 × 1200 வைத்தால் இன்னும் மோசம், ஒரு புள்ளியை 1.33 புள்ளியில் பரப்ப வேண்டும், எப்படியும் மழுங்கும். ஸ்க்ரீனை மாற்றுவது சுலபமில்லை, பெரும்பாலான லேப்டாப்களில் கார்டை மாற்றவே முடியாது. இதனால்தான் வாங்கும் நாளிலேயே இரண்டும் பொருந்துகிறதா என்று இவ்வளவு பார்க்கச் சொல்கிறேன்.

இப்போது நிலைமையைக் கொஞ்சம் மாற்றியிருப்பது டிஎல்எஸ்எஸ், சின்னதாக வரைந்த படத்தைப் பெரிதாக்கித் தரும் என்விடியாவின் வசதி. குவாலிட்டி என்ற நிலையில் வைத்தால் கார்டு அகலத்திலும் உயரத்திலும் மூன்றில் இரண்டு பங்கு அளவில் மட்டும் வரைந்து, மீதியைத் தானே கட்டி எழுப்பிவிடும். 2560 × 1600 ஸ்க்ரீனில் உள்ளே வரைவது சுமார் 1707 × 1067தான், ஃபுல் எச்டியைவிடக் கொஞ்சம் குறைவு. எழுத்து, மேப் எல்லாம் முழு ரெசல்யூஷனிலேயே வருவதால் நான் சொன்ன மங்கல் இங்கே தொந்தரவு செய்யாது. அதே குவாலிட்டி நிலையை 1920 × 1080 ஸ்க்ரீனில் வைத்தால் உள்ளே வரைவது 1280 × 720, கட்டி எழுப்பக் கிடைக்கும் சரக்கே குறைவு, அசையும்போது தலைமுடி, கம்பிவேலி மாதிரி மெல்லிய இடங்களில் பிசிறு தெரியும். ஆகவே டிஎல்எஸ்எஸ் 1600இல் கொடுக்கிற படம், 1080இல் கொடுப்பதைவிட நன்றாகவே இருக்கும். ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர் செய்வதும் ஏறக்குறைய இதே வேலைதான். ஆனால் எல்லா கேமிலும் இவை இருக்காது, நீங்கள் ஆடும் கேமில் இருக்கிறதா என்று வாங்குவதற்கு முன்பே பாருங்கள்.

சரி, எந்தக் கார்டுக்கு எது? என் முடிவைச் சொல்கிறேன். 6 ஜிபி கார்டு, அதாவது 4050 மாதிரி என்றால் 1920 × 1080 அல்லது 1920 × 1200, யோசிக்கவே வேண்டாம். 8 ஜிபி, 4060 அல்லது 5060 என்றால் 2560 × 1600 எடுக்கலாம், ஆனால் பெரிய கேம்களில் டிஎல்எஸ்எஸ் போட்டுத்தான் ஆடுவோம் என்று மனதைத் தயார் செய்துகொண்டு எடுங்கள், டெக்ஸ்ச்சரை (கேமில் பொருள்களின் மேல் தெரியும் நுணுக்கத்தை) உச்சத்தில் வைத்தால் 8 ஜிபியும் சில கேம்களில் நிரம்பிவிடும். 12 ஜிபிக்கு மேல் என்றால் 1600 நிம்மதியாக ஓடும். 15, 16 இன்ச் லேப்டாப்பில் கேமுக்காக மட்டும் 4கே எடுக்காதீர்கள்.

ஏனென்றால் கண்ணுக்கும் ஒரு எல்லை இருக்கிறது. 15.6 இன்ச்சில் ஃபுல் எச்டி என்றால் ஒரு இன்ச்சுக்கு 141 புள்ளி. நாம் ஆபீஸில் பார்க்கிற 24 இன்ச் ஃபுல் எச்டி மானிட்டரில் வெறும் 92தான். இரண்டடி தள்ளி உட்கார்ந்தால், பார்வை சரியாக இருக்கிறவர்களுக்கும் 141ஐத் தாண்டி ஒவ்வொரு புள்ளியாகப் பிரித்துப் பார்ப்பது கஷ்டம். மடியில் வைத்துக் கிட்டத்தில் பார்த்தால் 16 இன்ச் 1600 ஸ்க்ரீனின் 189 புள்ளி வித்தியாசம் தெரியும், குறிப்பாகக் கோட் எழுதும்போது, பிடிஎஃப் படிக்கும்போது.

அவன் கண்ணில் "கண்ணாடி மாதிரி" பட்டதற்குக் காரணம் புள்ளிகளே இல்லை, கலர். விலை குறைந்த ஃபுல் எச்டி லேப்டாப்களில் 45% என்டிஎஸ்சி (எவ்வளவு கலர் காட்டும் என்ற அளவு), 250 நிட்ஸ் (வெளிச்சத்தின் அளவு) என்று ஒரு வெளிறிய பேனல் போடுவார்கள், சிவப்பு செங்கல் நிறத்தில் தெரியும். 1600 பேனல்களில் பெரும்பாலும் 100% எஸ்ஆர்ஜிபி (இதுவும் கலர் அளவுதான்) வந்துவிடும். ஆகவே ஃபுல் எச்டியே எடுத்தாலும் 100% எஸ்ஆர்ஜிபி, 300 நிட்ஸ், இந்த இரண்டையும் கேட்டு வாங்குங்கள். ஒரே மாடல் பெயரில் இரண்டு மூன்று விதமான பேனல் வரும், அதனால் பெட்டியில் இருக்கிற முழு மாடல் நம்பரைக் கம்பெனி தளத்தில் போட்டுப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

நம் ஊர் வெயிலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 4060 என்ற ஒரே பெயரில் 35 வாட் கார்டும் உண்டு, 115 வாட் கார்டும் உண்டு, இரண்டும் ஒரே வேகம் போகாது. கடையில் என்விடியா கன்ட்ரோல் பேனலைத் திறந்து, சிஸ்டம் இன்பர்மேஷனில் மேக்சிமம் கிராபிக்ஸ் பவர் என்ற வரியைப் பாருங்கள். கத்திரி வெயிலில், ஏசி இல்லாத அறையில், கார்டு முழு மூச்சில் ஓடினால் சூடு தாங்காமல் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 1200 ஸ்க்ரீனில் எஃப்பிஎஸ்ஸை 60இல் பூட்டி வைத்தால் கார்டு அவ்வளவு மூச்சு வாங்காமல் ஓடும், 1600இல் அந்த 60ஐப் பிடிக்க இன்னும் அதிக மூச்சு வேண்டும். கரண்ட் போய் பேட்டரியில் ஓடும்போது கார்டின் வேகம் இன்னும் இறங்கிவிடும், அப்போதும் புள்ளி குறைவாக இருப்பதுதான் காப்பாற்றும்.

வீட்டில் மானிட்டர் வைத்துத்தான் பெரும்பாலும் ஆடுவீர்கள் என்றால் லேப்டாப் ஸ்க்ரீனுக்கு அதிகப் பணம் கொடுக்காதீர்கள், அதைக் கார்டில் போடுங்கள்.

நாங்கள் அந்த இரண்டையும் எடுக்கவில்லை. அந்த 4060 லேப்டாப்பின் பேனல் 45% என்டிஎஸ்சி. மூன்றாவது கடையில் 16 இன்ச், 1920 × 1200, 165 ஹெர்ட்ஸ், 100% எஸ்ஆர்ஜிபி, முழு 115 வாட் 4060 கிடைத்தது, பட்ஜெட்டுக்கு மேலே 2,000 ரூபாய். பில் போடும் முன்பு கவுன்டரிலேயே டிஸ்ப்ளே செட்டிங்ஸில் ரெசல்யூஷனையும், அட்வான்ஸ்டு டிஸ்ப்ளேயில் 165 இருக்கிறதா என்பதையும் பார்த்தோம், பெட்டியைத் திறந்த புதிதில் சிலது 60இல் நிற்கும், கையால் மாற்ற வேண்டும். அப்புறம் முழு வெள்ளை, முழு சிவப்பு, முழு கறுப்பு என்று மூன்று படத்தை ஸ்க்ரீன் முழுக்க வைத்து, கறுப்பின்போது மட்டும் கடைப் பையனிடம் சொல்லி மேலே இருந்த டியூப்லைட்டை அணைக்கச் சொன்னேன். மூலையில் வெளிச்சம் கசியவில்லை, செத்த புள்ளி எதுவும் இல்லை. அதற்குப் பிறகுதான் பேங்க் கார்டைத் தேய்த்தேன்.