ஈர எடையா, உலர் எடையா? மீனில் பாதரசம் பார்க்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒவ்வொரு டிசம்பரிலும் முதுகலை மாணவர்கள் நாலைந்து பேர் ஐஸ் பெட்டியோடு வந்து நிற்பார்கள். ஏரி மீனில் பாதரசம் பார்க்க வேண்டும், இரண்டு மாதத்தில் ப்ராஜெக்டை முடிக்க வேண்டும். பாதிப் பேர் கொடைக்கானல் ஏரி என்பார்கள். அதில் நியாயம் இருக்கிறது. அங்கிருந்த தெர்மாமீட்டர் தொழிற்சாலையை 2001இல் மூடிவிட்டார்கள். ஆனால் பாம்பார் சோலையை ஒட்டிய, பாதரசம் கலந்த அந்த மண்ணின் கதை மூடவில்லை. 2006இல் வெளியான ஓர் ஆய்வு கொடைக்கானல் ஏரியின் தண்ணீர், சேறு, மீன் மூன்றிலும் பாதரசத்தைக் காட்டியது.

கை உறை போடுவது, கத்தியைக் கழுவுவது எல்லாம் எந்தக் கையேட்டிலும் இருக்கிறது. அதை விட்டுவிடுகிறேன். நான் இந்த வேலைக்கு வந்த புதிதில் செய்த தவறுகளையே இவர்களும் வரிசையாகச் செய்கிறார்கள். அவற்றை மட்டும் சொல்கிறேன்.

சந்தை மீனை ஏரி மீன் என்று நம்புவது

ஏரிக்கரைக் கடையில் வாங்கியதாலேயே அது அந்த ஏரியின் மீன் ஆகிவிடாது. நம் ஊர்ச் சந்தைக்கு வரும் கட்லா, ரோகுவில் நிறைய ஆந்திரக் குளங்களில் வளர்ந்து தெர்மாகோல் பெட்டியில் லாரி ஏறி வருபவை. ஒரு மாணவி கடைக்கார அக்காவிடம் "இது எப்பப் பிடிச்சதுக்கா?" என்று கேட்டாள். "இன்னைக்குக் காலைல வந்ததும்மா" என்று பதில் வந்தது. அவர் சொன்னது பெட்டி இறங்கிய நேரத்தை. இவள் அதை வலை இழுத்த நேரம் என்று குறித்துக்கொண்டாள். ஆறு வாரத்து உழைப்பு போயிற்று. விடியற்காலையில் பரிசல்காரரோடு போங்கள், வலையிலிருந்து நீங்களே எடுங்கள். வேறு வழி கிடையாது.

தண்ணீரைச் சோதித்துவிட்டு நிம்மதியடைவது

குடிநீருக்கான நம் வரம்பு லிட்டருக்கு 1 மைக்ரோகிராம் பாதரசம். இந்தச் சோதனையில் சுலபமாகத் தேறும் ஏரியிலும் மீன் தேறாமல் போகலாம். காற்றோட்டம் இல்லாத அடிச்சேற்றில் சில பாக்டீரியாக்கள் பாதரசத்தை, உடம்பில் எளிதாகச் சேர்ந்து தங்கும் மீத்தைல் பாதரசமாக மாற்றுகின்றன. அதைப் பாசி எடுத்துக்கொள்கிறது, பாசியைப் பூச்சி தின்கிறது, பூச்சியைக் கெண்டை, கெண்டையை விரால். ஒவ்வொரு வாயிலும் அடர்த்தி ஏறிக்கொண்டே போய், பெரிய விராலின் சதையில் தண்ணீரில் இருப்பதைப் போலப் பத்து லட்சம் மடங்கு வரைக்கும்கூடச் சேர்ந்துவிடும். நீர்நாய்க்கும் நீர்க்காகத்துக்கும் கேடு தட்டிலிருந்துதான் வருகிறது, குடிக்கும் தண்ணீரிலிருந்து அல்ல.

கால் கிலோவையும் ஒன்றரைக் கிலோவையும் ஒப்பிடுவது

மீனுக்கு வயது ஏற ஏறப் பாதரசமும் ஏறும். உள்ளே வருவது வேகமாக வருகிறது, வெளியே போவது மெதுவாகப் போகிறது. ஒரு கண்மாயில் கால் கிலோ விரால், இன்னொன்றில் ஒன்றரைக் கிலோ விரால் என்று எடுத்துவிட்டு, இரண்டாவது கண்மாய் மாசுபட்டது என்று எழுதினால், நீங்கள் அளந்தது மீனின் வயதைத்தான். ஒவ்வொரு மீனின் நீளத்தையும் எடையையும் கரையிலேயே குறியுங்கள். சின்னது, நடுத்தரம், பெரியது என்று ஒவ்வொரு நீர்நிலையிலும் எடுத்து, ஒரே நீளத்தில் வைத்து ஒப்பிடுங்கள். விராலையும் ஜிலேபியையும் கலந்து சராசரி போடாதீர்கள். ஒன்று வேட்டையாடுவது, மற்றது பாசி மேய்வது.

ஈர எடையை எழுதாமல் உலர்த்துவது

இதற்காகத்தான் இவ்வளவும் எழுத உட்கார்ந்தேன்.

மீன் சதையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். விராலின் முதுகுத் துடுப்புக்குக் கீழே தோலை உரித்து ஒரு துண்டு வெட்டி, பெட்ரி தட்டில் வைத்து எடை போடுங்கள்: 5.02 கிராம். அடுப்பில் 60 டிகிரியில், எடை குறைவது நிற்கும் வரை விட்டு எடுத்தால் அது மஞ்சள் பாய்ந்து, அப்பளம் மாதிரி ஓரம் சுருண்டு கிடக்கும்: 1.08 கிராம். தண்ணீர்தான் போயிருக்கிறது, பாதரசம் அங்கேயே இருக்கிறது. அதே பாதரசம் இப்போது ஐந்தில் ஒரு பங்கு எடையில் உட்கார்ந்திருப்பதால், கிலோவுக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டால் எண் ஏறக்குறைய ஐந்து மடங்காகத் தெரியும்.

சரி, இதில் என்ன ஆபத்து? உணவுப் பாதுகாப்பு விதிகள் எல்லாம் ஈர எடையில் எழுதப்பட்டவை. நம் நாட்டில் பெரும்பாலான மீன்களுக்குக் கிலோவுக்கு 0.5 மில்லிகிராம் என்பது சமைக்கிற நிலையில் இருக்கும் மீனுக்கு. அமெரிக்கா 2001இல் மீத்தைல் பாதரசத்துக்கு வைத்த 0.3 மில்லிகிராமும் ஈர எடைதான். ஆனால் ஆய்வகத்தில் எல்லாமே உலர்ந்த பொடியில் ஓடுகிறது. அரைப்பதற்குப் பொடி வசதி, சேமிக்கப் பொடி வசதி. கருவி சரியாக அளக்கிறதா என்று பார்க்க நாம் ஓட்டும், பாதரச அளவு முன்பே உறுதி செய்யப்பட்ட டார்ம் போன்ற சான்று பெற்ற மாதிரிகளும் மீன் பொடிதான், அவற்றின் மதிப்பும் உலர் எடையில் இருக்கும். அதனால் கருவி கொடுக்கும் தாளில் இருப்பது உலர் எடை எண். அதை அப்படியே தூக்கி 0.5க்குப் பக்கத்தில் வைத்துவிடுகிறார்கள்.

நானும் வைத்தேன். பதினெட்டு வருடத்துக்கு முன், தென் மாவட்டத்து அணை ஒன்றில் பிடித்த ஒன்பது விரால். சராசரி 0.92 வந்தது. வரம்பைப் போல இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் குறைவு என்று அறிக்கையில் எழுதிக் கொடுத்தேன். அது உள்ளூர்ச் செய்தியாளர் ஒருவர் கைக்குப் போயிற்று. அடுத்த நாள் 'அணை மீனில் பாதரசம்' என்று செய்தி வந்தது. அணைப் பக்கம் மீன் வாங்க ஆள் வரவில்லை. அப்படியே மூன்று வாரம்.

எனக்குப் பரிசல் ஓட்டிய பெரியவர் ஆய்வகத்துக்கே வந்துவிட்டார். கையில் ஈரச் சாக்கு, உள்ளே இரண்டு விரால். "சார், மீன்ல விஷம்னு நீங்கதான எழுதிக் குடுத்தீங்க? திரும்பப் பாருங்க" என்றார். அன்றைக்குத்தான் முதல்முறையாக உலர்த்துவதற்கு முன்னும் பின்னும் எடை போட்டேன். தண்ணீர் 78.5 சதவீதம். 0.92ஐ 0.215ஆல் பெருக்கினால் 0.2. வரம்பில் பாதிகூட இல்லை. திருத்தம் எழுதிக் கொடுத்தேன், அது எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை. கணக்கில் பிழை நடந்துவிட்டது என்று அவரிடம் சொன்னபோது, "கணக்குல தப்புன்னா அந்த மூணு வாரச் சோத்தை யார் சார் போடுறது?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

இப்போதும் மாணவர்களின் அட்டவணையில் வெறும் 'மி.கி./கிலோ' என்று பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. ஈர எடையா உலர் எடையா என்று ஒரு சொல் சேர்க்க எவ்வளவு நேரம் ஆகும்? அச்சான கட்டுரைகளிலேயே அந்தச் சொல் இல்லாததைப் பார்த்திருக்கிறேன். அந்த எண்ணை எடுத்து உங்கள் ஏரியோடு ஒப்பிட்டால் தவறு இரண்டாகிறது.

இன்னொன்று. எடையை ஃப்ரீசருக்குப் போவதற்கு முன்னால் போடுங்கள். உறைந்து இளகிய துண்டிலிருந்து தண்ணீர் வடிந்து பையின் அடியில் நிற்கும். மாதக்கணக்கில் ஃப்ரீசரில் கிடந்தால் விளிம்பெல்லாம் காய்ந்துவிடும். அதற்குப் பிறகு போடும் எடை ஈர எடை ஆகாது. உலர்த்தும்போது சூட்டை 60 டிகிரிக்கு மேல் ஏற்றவும் வேண்டாம், பாதரசம் ஆவியாகும் பொருள். உறைநிலையில் உலர்த்தும் கருவி இருந்தால் அது இன்னும் நல்லது. அப்புறம், முடிவு எழுதும்போது இரண்டு எண்ணையும் ஈரப்பத சதவீதத்தையும் கொடுங்கள். படிக்கிறவர் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் மாற்றிக்கொள்வார்.

எல்லா விஷத்தையும் ஒரே துண்டில் தேடுவது

பாதரசம் புரதத்தோடு ஒட்டும், அதனால் சதையில் பாருங்கள். காட்மியத்துக்கு ஈரலும் சிறுநீரகமும். ஈயத்துக்கு எலும்பு. டிடிடி பூச்சிக்கொல்லி, பழைய மின்மாற்றி எண்ணெயில் இருந்த பிசிபி போன்றவை கொழுப்பில் தங்குபவை. அவற்றைப் பார்க்கும்போது கொழுப்பின் சதவீதத்தையும் அளக்காவிட்டால் ஒப்பிட முடியாது. தோலையும் கொழுப்பையும் நீக்கினால் பிசிபி குறையும். பாதரசம் குறையாது, வறுத்தாலும் குழம்பு வைத்தாலும் குறையாது. மீனவர்கள் உங்களிடம் கட்டாயம் கேட்கிற கேள்வி இது.

கிடந்த இறகை எடுத்துக் குளத்தின் மேல் பழி போடுவது

பறவைகள் உடம்பில் சேர்ந்த பாதரசத்தில் பெரும்பகுதியை இறகுக்குள் தள்ளிவிடுகின்றன. இறகு வளர்கிற சில வாரங்களில்தான் அது நடக்கும். முழுதாக வளர்ந்ததும் இறகுக்கு ரத்தம் போவது நின்றுவிடும், உள்ளே போனது அப்படியே பூட்டிக்கொள்ளும். கூந்தன்குளத்தில் கிடைத்த ஒரு கூழைக்கடா இறகு போன வருடம் எந்த ஏரியின் மீனைத் தின்று வளர்ந்தது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? உள்ளூர் மாசைப் பார்க்க வேண்டுமென்றால் கூட்டிலிருக்கும் குஞ்சின் இறகுதான். அதற்குத் தாய்ப்பறவை சுற்றுவட்டாரத்திலிருந்தே இரை கொண்டுவந்திருக்கும்.

அனுமதி

உதிர்ந்த இறகாக இருந்தாலும் வனத்துறையின் அனுமதிக் கடிதம் கையில் வந்த பிறகே குனிந்து எடுங்கள்.

தொழிற்சாலை இல்லாத ஏரியைச் சுத்தம் என்று எடுத்துக்கொள்வது

நிலக்கரி எரிக்கும் புகையிலிருந்து பாதரசம் காற்றேறி வெகுதூரம் போய் மழையோடு இறங்கும். புதிதாக நிலத்தை மூழ்கடித்த அணைகளில், அழுகும் செடிகொடியால் மீத்தைல் பாதரசம் கூடும். கனடாவில் 1993இல் வேண்டுமென்றே ஒரு சதுப்பு நிலத்தை மூழ்கடித்தே இதைப் பார்த்திருக்கிறார்கள். ஆலை மூடியதோடு முடிந்தது என்றும் எழுதாதீர்கள். அதே நாட்டில் வாபிகூன் ஆற்றில் டிரைடன் ஊர் ஆலை 1962 முதல் 1970 வரை பாதரசக் கழிவை விட்டது. அரை நூற்றாண்டு கழித்தும் கீழ்க்கரையில் உள்ள கிராஸி நாரோஸ் பழங்குடி மக்களால் அந்த ஆற்று மீனை அச்சமில்லாமல் சாப்பிட முடியவில்லை.

லேபிள்

பென்சில். மார்க்கர் மை ஐஸ் தண்ணீரில் அழியும்.

மீதித் துண்டு

வீசாதீர்கள். ஈர எடை, நீளம், பிடித்த இடம், தேதி நான்கையும் பையின் மேலும் நோட்டிலும் எழுதி, மைனஸ் 20இல் வையுங்கள்.