சீட்டைத் தூக்கும் முன் சிப்ஸைப் பாருங்கள்

போக்கர் டேபிளில் புதிதாக உட்காருகிறவர் சீட்டு வந்ததும் அதைத்தான் முதலில் தூக்கிப் பார்ப்பார். எனக்கு முதலில் கண் போவது எதிரே இருப்பவர்களின் சிப்ஸ் (பணத்துக்குப் பதிலாக வைக்கும் வில்லைகள்) அடுக்கின் மேல். ஐந்து ஜோடி, அதாவது கையில் இரண்டு ஐந்துகள், வந்தால் என்ன செய்வது என்று யாராவது கேட்டால் என்னால் பதில் சொல்ல முடியாது. யாரிடம் எவ்வளவு இருக்கிறது என்று சொன்னால்தான் சொல்ல முடியும்.

நான் ஆடுவது லாஸ் வேகஸில் 1/3 டாலர் நோ-லிமிட் ஹோல்டெம்: கையில் இரண்டு சீட்டு, மேசையில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து, பந்தயத்துக்கு உச்சவரம்பு கிடையாது. கணக்கெல்லாம் அதிலேயே சொல்கிறேன். பிளைண்ட் என்பது சீட்டு வரும் முன்பே இருவர் கட்டாயமாக வைக்கும் தொகை. சிறியது 1 டாலர், பெரியதான பிக் பிளைண்ட் 3 டாலர் என்பதால் 300 டாலர் வைத்திருப்பவரிடம் 100 பிக் பிளைண்ட் இருக்கிறது. இரண்டு பேர் மோதும்போது யாரிடம் குறைவோ, அந்தத் தொகைதான் கணக்கு. நீங்கள் 600 டாலரை அடுக்கி வைத்திருந்தாலும் எதிராளியிடம் 90 தான் இருக்கிறதென்றால், அந்தக் கைக்கு உங்களிடமும் 90 தான்.

சரி, ஐந்து ஜோடிக்கு வருவோம். ஒருவர் பந்தயத்தை 15 டாலருக்கு ஏற்றுகிறார். ஃப்ளாப்பில், அதாவது மேசையில் முதலில் விரிக்கும் மூன்று பொதுச் சீட்டில், மூன்றாவது ஐந்து விழ உங்களுக்குள்ள வாய்ப்பு ஏறத்தாழ 12 சதவீதம். அதாவது எட்டரைக்கு ஒரு தடவை. விழாத தடவைகளில் பெரும்பாலும் அந்த 15 போனதுதான். விழுந்தாலும் எதிராளி ஒவ்வொரு முறையும் மொத்தத்தையும் கொடுத்துவிட மாட்டார். அதனால் கால் செய்யும் (அவர் போட்டதற்குச் சமமாகப் போடும்) தொகையைப்போல் குறைந்தது 15 மடங்காவது இருவரிடமும் இருக்க வேண்டும் என்பது என் அளவுகோல். அவரிடம் 300 இருந்தால் கால். 90 தான் என்றால் அது வெறும் ஆறு மடங்கு; யோசிக்காமல் சீட்டைக் கவிழ்த்து விலகிவிடுங்கள். ஏழு-எட்டு மாதிரி ஒரே ஜாதி அடுத்தடுத்த சீட்டுக்கும் இதே கதைதான். ஆழமில்லாத, அதாவது சிப்ஸ் குறைவாக உள்ள, இடத்தில் அவற்றுக்கு மதிப்பு கிடையாது.

ஏஸ்-கிங் இதற்கு நேர் எதிர். நீங்கள் 15க்கு ஏற்றுகிறீர்கள், பிக் பிளைண்டில் இருப்பவர் மட்டும் கால் செய்கிறார். பாட், அதாவது நடுவில் சேர்ந்த பணம், சிறிய பிளைண்டின் 1 டாலரோடு சேர்த்து 31 டாலர். ஃப்ளாப் கிங்-8-4; உங்களுக்கு கிங் ஜோடி. ஆரம்பத்தில் இருவரிடமும் 120 இருந்திருந்தால் இப்போது மிச்சம் 105, பாட் தொகையைப்போல் மூன்றரை மடங்கு கூட இல்லை. எல்லாவற்றையும் உள்ளே போட்டுவிட்டு நிம்மதியாக உட்காரலாம். ஆனால் இருவரிடமும் 600 இருந்திருந்தால் மிச்சம் 585, கிட்டத்தட்ட 19 மடங்கு. ஒற்றை ஜோடியை நம்பி அவ்வளவையும் வைக்க வேண்டாம். அந்த ஆழத்தில் ஒருவர் ரிவர் (கடைசிப் பொதுச் சீட்டு) வரைக்கும் பெரிது பெரிதாகப் போடுகிறார் என்றால், அவரிடம் இருப்பது அநேகமாக இரண்டு ஜோடி அல்லது செட் (கை ஜோடியோடு அதே எண்ணில் மூன்றாவது).

டோர்னமென்டில் பிளைண்ட் ஏறிக்கொண்டே போவதால் ஆழம் தானாகவே வற்றிக்கொண்டு வரும். பிளைண்ட் 500/1000, பிக் பிளைண்டில் இருப்பவர் டேபிளுக்காகக் கூடுதலாக வைக்கும் ஆன்டி 1000 என்றால் ஒரு சுற்றுக்கு 2500 செலவு. கையில் 12,000 என்றால் ஐந்து சுற்றுகூடத் தாங்காது. அங்கே கால் செய்து ஃப்ளாப் பார்க்கும் பழக்கத்தையே விட்டுவிட வேண்டும். எல்லோரும் கவிழ்த்து, பட்டனில் (பிளைண்டுகளுக்குச் சற்று முந்தைய இடம்) உங்கள் முறை வந்தால், அதே ஐந்து ஜோடியோடு நேராக ஆல்-இன், இருப்பதையெல்லாம் வையுங்கள்.

அப்புறம் டேபிள். அரை மணி நேரம் கவனித்தாலே தெரிந்துவிடும். பாதிப் பேர் வெறும் 3 டாலர் வைத்து உள்ளே வந்து, எதற்கும் கவிழ்க்காமல் ரிவர் வரைக்கும் தொடர்கிறார்களா? ப்ளஃப்பை (கையில் ஒன்றுமில்லாமல் பந்தயம் போட்டு மிரட்டுவதை) மறந்துவிடுங்கள், நல்ல கைக்குக் கனமாகப் போடுங்கள். ஏஸ் ஜோடி ஒருவரோடு மோதினால் 85 சதவீதம் ஜெயிக்கும். ஏதோ ஒரு கையோடு ஐந்து பேர் கூட வந்தால் அது பாதிக்குச் சற்றுக் கீழே இறங்கிவிடும். அதனால் 15க்கு ஐந்து பேர் வருகிற டேபிளில் நான் 25, 30 என்று ஏற்றுவேன், ஒன்றிரண்டு பேர் மிஞ்சும் வரைக்கும். முறைக்கிறவர்கள் முறைக்கட்டும். மாறாக, எல்லோரும் இறுக்கமாக ஆடினால் 10 டாலருக்கே பிளைண்டைத் தூக்கிக்கொண்டு போகலாம். அப்படிப்பட்ட டேபிளில் இரண்டு மணி நேரமாக வாயே திறக்காத பெரியவர் ரிவரில் திருப்பி ஏற்றினால் மட்டும் மரியாதையாக விலகிவிடுங்கள்.

ஸ்ட்ராடில் வைக்கிற டேபிளைப் பலர் கவனிப்பதில்லை. பிக் பிளைண்டுக்கு அடுத்தவர் சீட்டு பார்க்காமலே 6 டாலர் வைத்துவிட்டால் உங்கள் 300 டாலர் இனி 100 அல்ல, 50 பிளைண்ட் அளவுதான். ஏற்றுவதும் 30க்கு வந்துவிடும். 15 மடங்குக் கணக்குப்படி 450 வேண்டும், உங்களிடம் இல்லை. சின்ன ஜோடிகளை அங்கே விட்டுவிடுங்கள்; அல்லது டேபிளின் வரம்பு இடம் கொடுத்தால் அடுத்த கைக்கு முன் இன்னும் சிப்ஸ் வாங்கிக்கொள்ளுங்கள்.

எந்த நேரமும் ஏற்றிக்கொண்டே இருக்கும் ஆசாமி ஒருவர் இருந்தால், அவருக்கு இடப்பக்க நாற்காலி காலியானதும் கேட்டு வாங்குங்கள். அவர் செய்வதைப் பார்த்துவிட்டு நீங்கள் முடிவெடுக்கலாம். அவர் உங்களுக்கு இடப்பக்கத்தில் உட்கார்ந்து, மாற இடமும் இல்லை என்றால், ஃப்ளோர் மேனேஜரிடம் வேறு டேபிள் கேளுங்கள். இடம் காலியானதும் கூப்பிடுவார்கள்.