யூத பக்திச் சின்னங்கள்: நாம் அடிக்கடி செய்யும் தவறுகள்

யூதர் வீட்டு வாசல் நிலையில், உள்ளே நுழையும்போது வலக்கைப் பக்கம், விரல் நீளத்தில் ஒரு கூடு பதித்திருக்கும். அதுதான் மெசுசா. வெள்ளி, மரம், கண்ணாடி என்று பலவற்றிலும் செய்கிறார்கள். வேலைப்பாடு அழகாக இருக்கிறதே என்று வெறும் கூட்டை வாங்கிக் கதவில் மாட்டினால் அது அலங்காரம் மட்டுமே. புனிதம் உள்ளே சுருட்டி வைத்திருக்கும் தோல் சுருளில்தான். பைபிளின் உபாகமம் என்ற நூலில் 6, 11ஆம் அதிகாரங்களின் பகுதிகளைப் பயிற்சி பெற்ற எழுத்தர் 22 வரிகளில், 713 எழுத்துகளாகக் கையாலேயே எழுதுகிறார். ஓர் எழுத்து விட்டுப்போனால், பிறகு இடையில் செருக முடியாது. வரிசை மாறாமல் எழுதினால்தான் சுருள் செல்லும். அச்சடித்தது எவ்வளவு திருத்தமாக இருந்தாலும் செல்லாது. ஏழு ஆண்டுகளில் இரண்டு முறை வெளியே எடுத்து, மை உதிர்ந்திருக்கிறதா என்று சரிபார்ப்பது வழக்கம்.

தெஃபிலின் விஷயத்திலும் இப்படித்தான். கையிலும் நெற்றிக்கு மேலும் வாரால் கட்டிக்கொள்ளும் இந்தக் கறுப்புத் தோல் பெட்டிகளை நம்மவர்கள் சட்டென்று தாயத்து என்று சொல்லிவிடுகிறார்கள். தாயத்தாக இருந்தால் எந்நாளும் கட்டியிருக்க வேண்டுமே? யூதர்களின் ஓய்வுநாளான சனிக்கிழமையில் தெஃபிலின் கட்டுவதில்லை. ஓய்வுநாளே கடவுளோடு செய்த உடன்படிக்கைக்கு அடையாளம், அன்றைக்கு இன்னோர் அடையாளம் வேண்டாம் என்பது அவர்கள் சொல்லும் காரணம். ஆக, காப்புக்காக அல்ல, கட்டளைக்காகக் கட்டுவது.

யூதச் சின்னமான அறுமுனை நட்சத்திரம், பைபிளில் வரும் தாவீது ராஜா காலத்தது என்று பலர் நம்புகிறார்கள். பைபிளில் அது இல்லை. இடைக்காலத்தில் பிராக் நகர யூதர்கள் அதைத் தங்கள் கொடியில் பயன்படுத்தினார்கள். 1897இல் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில், யூதர்களுக்குத் தாயகம் கோரிக் கூடிய சியோனிச மாநாட்டுக்குப் பிறகு உலகெங்கும் பரவியது. முருகனின் அறுகோணச் சக்கரத்தோடு இதை முடிச்சுப் போடவும் வேண்டாம். வடிவம் ஒன்றுதான், வந்த வழி வேறு. உண்மையில் பழைய சின்னம் ஏழு கிளை விளக்கான மெனோரா. ரோமில் உள்ள பழைய வெற்றி வளைவான டைட்டஸ் வளைவில், எருசலேம் ஆலயத்திலிருந்து கொள்ளையிட்ட அதை ரோம வீரர்கள் தூக்கிச் செல்லும் காட்சியை இன்றும் பார்க்கலாம். ஹனுக்கா பண்டிகை விளக்கு வேறு: எட்டுச் சுடர்கள், அவற்றை ஏற்ற ஒன்று. படங்களில் இரண்டையும் மாற்றிப் போடுவது ரொம்ப சகஜம். விரித்த உள்ளங்கை வடிவமான ஹம்சாவோ யூதர்களுக்கு மட்டும் உரியதல்ல, முஸ்லிம்களும் அணிவதுதான்.

கொச்சி மட்டாஞ்சேரி பரதேசி ஜெப ஆலயத்தில், திருவிதாங்கூர் மன்னர் 1805இல் அளித்த பொற்கிரீடம் ஒன்று உண்டு. கிரீடம் என்றதும் எந்தத் தெய்வத்துக்குச் சூட்டுகிறார்கள் என்று தேடக் கூடாது; அங்கே விக்கிரகமே கிடையாது. அது யூதர்களின் வேதமான தோராவை எழுதிய சுருளுக்கான கிரீடம். சுருளை வாசிக்கும்போதும் எழுத்தின் மேல் விரல் படாமல், கை வடிவில் செய்த வெள்ளிக் குச்சியால் வரி வரியாகக் காட்டிப் படிக்கிறார்கள்.

பழைய மெசுசாச் சுருளோ கடவுளின் பெயர் எழுதிய தாளோ கைக்கு வந்தால் குப்பையில் போடாதீர்கள், எரிக்கவும் செய்யாதீர்கள். அவற்றைச் சேர்த்து வைத்து மண்ணில் அடக்கம் செய்வதே யூத மரபு. அருகில் ஜெப ஆலயம் இருந்தால் அங்கே ஒப்படைத்தால் போதும், மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.