ஆடிக் காற்றில் சுருட்டு: தவறுகள் பற்றவைத்த பிறகுதான் ஆரம்பம்

ஆடி மாசம் மொட்டை மாடியில் நின்று சுருட்டு பற்றவைக்கப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பாதித் தீப்பெட்டி காலியாகியிருக்கும், சுருட்டு மட்டும் அப்படியே இருக்கும். அதனால் எல்லாரும் கேட்பது நல்ல லைட்டர் எது என்பதைத்தான். பற்றவைப்பது அரை நிமிஷ வேலைங்க. அதற்கப்புறம் முக்கால் மணி நேரமும் காற்று நம்மோடு சேர்ந்து அந்தச் சுருட்டை இழுத்துக்கொண்டிருக்கிறது, ருசி கெடுவது அங்கேதான்.

பெரிய தவறு, அணைந்துவிடுமோ என்று பயந்து அடிக்கடி இழுப்பது. காற்றில்லாத இடத்தில் நிமிஷத்துக்கு ஓர் இழுப்பு என்பது பொதுவான கணக்கு. வெளியே அதைவிடக் குறைக்க வேண்டும், ஏனென்றால் நாம் சும்மா கையில் பிடித்திருந்தாலும் துருத்தி ஊதுவது மாதிரி காற்று முனையிலுள்ள நெருப்பை ஊதிக்கொண்டே இருக்கிறது, நாமும் போட்டிக்கு இழுத்தால் சூடு ஏறி, புகை கசந்து, நாக்கு எரியும். அப்படி ஆகிவிட்டால் சுருட்டுக்குள் மெல்ல ஒருமுறை ஊதிப் பழைய புகையை வெளியேற்றிவிட்டு, காற்றுப் படாமல் இரண்டு நிமிஷம் சும்மா வையுங்கள்.

அடுத்தது, சுருட்டைத் திருப்பாமல் ஒரே வாக்கில் பிடித்திருப்பது. காற்று படும் பக்கம் வேகமாக எரியும், மறுபக்கம் பின்தங்கும், கொஞ்ச நேரத்தில் முனை தோணி மாதிரி குடைந்துவிடும். இரண்டு இழுப்புக்கு ஒருமுறை விரலால் உருட்டிக்கொடுத்தால் போதும். மீறிக் கோணினால் பின்தங்கிய பக்கத்துக்கு மட்டும் தீயைக் காட்டுங்கள், தள்ளிப் பிடித்து.

எங்கே உட்காருகிறோம் என்பதையும் பலர் யோசிப்பதில்லை. கட்டட மூலையில் ஒதுங்குவார்கள், காற்று வேகமாகத் திரும்பும் இடமே அதுதான். மாடியில் மூன்றடிக் கைப்பிடிச் சுவர் இருந்தால் நாற்காலியை விட்டுவிட்டு அதன் மறைவில் தரையில் உட்காருங்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே முடிந்துவிடும். பஸ் நிறுத்தம், ரயில் நிலையம் என்று ஒதுங்க நினைக்க வேண்டாம், பொது இடத்தில் புகைக்கத் தடை 2008 அக்டோபர் 2 முதல் இருக்கிறது, பிடித்தால் 200 ரூபாய் வரை அபராதம்.

சரி, லைட்டருக்கே வருவோம். காற்றில் சுடரைப் பீய்ச்சி அடிக்கும் டார்ச் லைட்டர்தான் நன்றாக நிற்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த நீலச் சுடர் ஆயிரம் டிகிரியைத் தாண்டும், வெயிலில் கண்ணுக்குச் சரியாகத் தெரியவும் தெரியாது, அதனால் முனையை ஒட்டவைத்துக் கருக்கிவிடுகிறோம். அரை அங்குலம் தள்ளிப் பிடித்துச் சுற்றிச் சுற்றி வாட்டுங்கள். பெட்ரோல் ஊற்றும் திரி லைட்டரும் ஓரளவு காற்றைத் தாங்கும், ஆனால் முதல் சில இழுப்பிலும் பெட்ரோல் நெடிதான். ஊட்டியில் உறைபனி நேரத்தில் கேஸ் லைட்டர் மக்கர் பண்ணினால் அது பழுதில்லை, பியூட்டேன் வாயு சுழி டிகிரியை ஒட்டித் திரவமாகவே நின்றுவிடும். உள்ளங்கையில் கொஞ்ச நேரம் பொத்தி வைத்திருந்தால் சரியாகும்.

சுருட்டைத் தேர்ந்தெடுப்பதிலும் ஒரு தவறு உண்டு, ‘சீக்கிரம் முடிந்துவிடும்’ என்று மெலிசாக வாங்குவது. மெலிசு காற்றில் சட்டென்று சூடேறும். குட்டையாக, தடியாக இருப்பது நல்லது. ரோபஸ்டோ என்று விற்கும் ஐந்து அங்குல அளவு சரியாக வரும், அதன் தடிமன் எண் 50, அதாவது அங்குலத்தில் 64-இல் 50 பங்கு. நம் உறையூர்ச் சுருட்டு இரண்டு பக்கமும் திறந்தது, வாயில் வைக்கும் முனையை வெட்டும் வேலை இல்லை. எதுவானாலும் பற்றவைக்கும் வரை டப்பாவிலேயே இருக்கட்டும். வறண்ட மேல்காற்றில் வெளியே வைத்தால் மேல் இலை வெடித்துவிடும்.

வடக்கு ஆந்திரக் கடற்கரையில் வயதான பெண்கள் எரியும் முனையை வாய்க்குள் வைத்துப் புகைப்பதைப் பார்த்திருப்பீர்கள், காற்றில் அணையாது என்று அதற்கு ஒரு காரணம் சொல்வார்கள். தயவுசெய்து முயற்சி செய்யாதீர்கள், அந்தப் பழக்கத்தால் மேலண்ணத்தில் புற்றுநோய் வருவது பல பத்தாண்டுகளாகவே மருத்துவர்களுக்குத் தெரிந்த விஷயம். சரியாகப் பிடித்தாலும், புகையை உள்ளே இழுக்காவிட்டாலும் சுருட்டால் வாய்ப்புற்று வரும் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

சாம்பலை ஓர் அங்குலம் வளர்த்து அழகு பார்ப்பது உள்ளறை விளையாட்டு. நான் வளர்த்த சாம்பல் ஒருநாள் அப்படியே பறந்து பக்கத்து வீட்டுக் கொடியில் காய்ந்த வெள்ளை வேட்டியில் இறங்கியது, நல்லவேளை அதில் கங்கு இல்லை. கூரை வீடோ வைக்கோல் போரோ பக்கத்தில் இருந்தால் சுருட்டை எடுக்கவே வேண்டாம்.

கடைசியில், மிச்சத் துண்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போவது. வீட்டுக்குள் வைத்தால் தானாக அணைந்துவிடும், அந்தப் பழக்கத்தில் வெளியேயும் வைத்துவிடுகிறோம். காற்றில் அது அணையாது, உருளும், உருண்ட இடத்தில் கனியும். முதலிலேயே ஒரு கொட்டாங்குச்சியில் பாதித் தண்ணீர் ஊற்றிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், சாம்பலும் அதில்தான், துண்டும் அதில்தான்.